யாருக்கு எந்தப் புத்தகம்?

ஒருவருடைய மனநிலைக்கும் சுவைக்கும் ஏற்ற புத்தகத்தைத் தேர்ந்து கொடுப்பது மிக எளிய காரியம் என்று எண்ணுவோர் பலர். காதல் கதை விரும்புகிறவருக்குக் காதல் கதை. துப்பறியும் கதை விரும்புகிறவருக்குத் துப்பறியும் கதை. மனம் சோர்ந்தவருக்கு ஆறுதல் மொழி. துணிக்கடையில் அளவு பார்த்துச் சட்டை எடுத்துக் கொடுப்பதைப் போன்ற வேலைதானே என்பது அவர்கள் கருத்து. ஆனால் துணிக்கடைக்கும் புத்தக அலுமாரிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சட்டை வாங்க வருகிறவன் தன் தோளின் அளவை அறிவான். புத்தகம் கேட்டு வருகிறவன் தனக்கு எது வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அறியான். அறிந்தாலும் கூசிச் சொல்லான். இதுவரை அவன் கைக்கு எட்டியவை எவையோ, அவற்றின் பெயரையே அவன் தன் சுவை என்று சொல்லுகிறான்.

சுவை என்பது கருவிலேயே வாய்த்த வரம் என்று கருதும் மரபு ஒன்று நம்மிடையே உண்டு. இரசிகமணி டி. கே. சி.யின் வட்டத்தொட்டியிற் கூடியிருந்து கம்பனைச் சுவைத்தவர்களுக்குத் தமிழுலகம் கடமைப்பட்டிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மாலைப்பொழுது தம்முடையதாக இருந்தவர்களின் சுவை அது. விடியற்காலை 3 மணிக்குக் கடலுக்குப் போய், வெயிலேறிய பின் கரைக்கு வருகிறவனிடம், ‘உனக்கு எது பிடிக்கும்?’ என்று கேட்பதற்கு முன்னர், ‘உனக்கு எப்பொழுது ஓய்வு?’ என்று கேட்கவேண்டும். 1960களில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியபோது, அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்க முற்பட்ட பண்டிதர்களும் சுவையின் பெயராலேயே பேசினார்கள். யாருடைய மொழி மணக்கிறது, யாருடைய மொழி நாறுகிறது என்று தீர்மானிக்கும் உரிமை தம் கையில் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். கருவாட்டு வாடிகள் நிறைந்த ஒரு தீவில் தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்த விவாதம் பழங்கதையாகத் தோன்றுவதில்லை.

நூலுக்கும் வாசகனுக்கும் உள்ள உறவை ஆழ்ந்து சிந்தித்தவர் ஒருவர் நம்மவரிடையே இருந்தார். 1892இல் சீர்காழியிற் பிறந்து, கணிதம் கற்பிக்கும் ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகிய எஸ். ஆர். அரங்கநாதன் அவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்று உலகெங்கும் நூலகக் கல்வியின் அரிச்சுவடியாக விளங்குகின்றன. நூல் இருப்பது காவல் காப்பதற்கன்று, பயன்படுவதற்கு. வாசகன் எவனும் தனக்குரிய நூலின்றித் திரும்பலாகாது. நூல் எதுவும் தனக்குரிய வாசகனின்றிக் கிடக்கலாகாது. வாசகனுடைய நேரம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். அவற்றின் சாரம் இவ்வளவே. முதற் பார்வைக்கு இவற்றில் ஒரு புதுமையும் இல்லை. ஆனால் இரண்டாவது விதியை அவர் விரித்துச் செல்லும்போதுதான் அதன் கூர்மை புலப்படுகிறது. மேட்டுக்குடியினர் – பொதுமக்கள், ஆண் – பெண், நகரத்தார் – நாட்டுப்புறத்தார், முதியோர் – சிறுவர் என்று எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்கே உரியதாயிருந்த நூல் மற்றச் சாராருக்கும் உரியதாவதற்கு நிகழ்ந்த போராட்டமாக அதனை விளக்குகிறார். தரையில் வாழ்வோரோடு கடலில் வாழ்வோரையும் அவர் மறக்கவில்லை என்பதை முதன்முதற் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

அதே 1931ஆம் ஆண்டில் தஞ்சைத் தரணியில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றார். வாசகன் நூலகத்துக்கு வரவில்லையென்றால் நூலகம் வாசகனிடம் போகவேண்டும் என்ற எளிய நியாயந்தான் அந்த வண்டியை இழுத்தது. மன்னார்குடிக்கும் மன்னாருக்கும் பெயரில் இருக்கும் நெருக்கம் இவ்விடயத்தில் இல்லாமற் போயிற்று. எங்கள் மணலில் அப்படியொரு வண்டி உருண்டதை நான் கண்டதில்லை.

எங்கள் தீவுக்குப் புத்தகங்களோடு வேறொரு தொடர்பு இருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. சென்னையிற் புகைவண்டி ஏறியவர், கடலைக் கப்பலிற் கடந்து, தலைமன்னாரில் மறுபடி வண்டியேறிக் கொழும்பை அடையலாம். ஆட்களோடு தபாலும் வந்தது. தமிழகத்துச் சஞ்சிகைகள் இலங்கைத் தமிழரின் வாசிப்பை ஆண்ட காலம் அது. வாரந்தோறும் கடல்தாண்டி வந்த தொடர்கதைகளே ‘மக்கள் சுவை’ எனப்பட்டன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் போர்ச்சூழலில் நின்றது. இதற்கிடையே 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. நெடுந்தீவுக் கரையில் நிகழும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ அப்படி வந்த ஒன்று. 1978இல் அது திரைப்படமாகவும் ஆகியது. முன்னாள் வரை ஈழத்துக் கதை என்றால் உதட்டைப் பிதுக்கியவர்கள் அதை வாங்கி வாசித்தார்கள். வாசகரின் பிறவிச்சுவை ஒரே இரவில் மாறிவிட்டதா? சுவைக்கும் ஒரு சுங்கச்சாவடி உண்டு. அதன் கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதைப் பொறுத்தே எங்கள் விருப்பு வெறுப்புகள் உருவாகின்றன. அந்தக் கட்டுப்பாட்டை நான் போற்றுகிறேன் என்று யாரும் கொள்ளவேண்டாம். எந்தக் கதவும் மூடியிருப்பது எனக்கு உடன்பாடன்று.

கதவுகள் மூடப்பட்டதோடு அலுமாரிகளும் எரிக்கப்பட்ட நாடு இது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அது உலகறிந்த செய்தி. ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர்கள் விட்டுச்சென்ற வீட்டுப் புத்தகங்களை யாரும் எண்ணவில்லை. ஓடுகிறவர் அரிசிப் பையை எடுப்பார், பத்திரங்களை எடுப்பார், புத்தகத்தை எடுப்பது எவ்வாறு?

2009இல் போர் முடிந்தபின் எங்கள் பகுதிக்கும் நூல்கள் வந்தன. பெட்டி பெட்டியாக வந்தன. பாடத்திட்டம் மாறிப் பயனற்றுப்போன பரீட்சை வழிகாட்டிகள், முதல் முப்பது பக்கம் இல்லாத நாவல்கள், ஒரே பக்திநூலின் பதினெட்டுப் பிரதிகள், பனிச்சறுக்கு விளையாட்டைப் பற்றிய வழவழப்பான ஆங்கிலப் புத்தகம் ஒன்று. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தைக் குறைகூற நான் வரவில்லை. அவர்கள் வீட்டில் இடம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் இப்பெட்டிகளைப் பிரித்த எவருக்கும், வாசகனைப் பற்றிக் கொடுத்தவர்கள் ஒரு கணமும் சிந்திக்கவில்லை என்பது விளங்கும். நான் முன்பு பணியாற்றிய ஒரு பாடசாலையில் இந்த நூல்கள் கண்ணாடி அலுமாரியில் அடுக்கப்பட்டு, நாடா வெட்டப்பட்டு, படம் எடுக்கப்பட்டு, பின்னர் பூட்டப்பட்டன. பிள்ளைகள் அழுக்காக்கிவிடுவார்களாம். மேற்பார்வைக்கு வந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: “மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சுவை குறைவு, ரீச்சர். நீங்கள் வீணாக அலட்டிக்கொள்ளாதீர்கள்.”

சுவை குறைவு! பேசாலையிலும் மாதோட்டத்து ஊர்களிலும் விடிய விடிய நாடகம் நடந்தது இந்த மக்களிடையேதான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் முயன்று பதிப்பித்த ‘என்றீக் எம்பரதோர்’, ‘மூவிராசர்’, ‘ஞானசௌந்தரி’ ஆகிய நாடகங்களும் மன்னார் நாட்டுப்பாடல்களும் எந்தக் கல்லூரி மண்டபத்திலிருந்தும் எடுக்கப்பட்டவையல்ல. அண்ணாவியாரின் ஏட்டிலிருந்தும் வலை இழுத்த கைகளின் சொந்தக்காரர் நாவிலிருந்தும் வந்தவை அவை. நூற்றுக்கணக்கான விருத்தங்களையும் தருக்களையும் மனனம் செய்து பாடியவனுக்கும், பனிவிழும் இரவில் பாயை விரித்து இறுதிவரை கேட்டிருந்தவளுக்கும் இலக்கியச் சுவை இல்லையென்று சொல்ல எவ்வளவு அறியாமை வேண்டும்! இல்லாதது சுவையன்று, அச்சுவைக்குரிய நூல் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையைத் திறந்து வைப்பது சில ஆண்டுகளாக என் பொறுப்பு. வாடியொன்றில் நாட்கூலிக்குக் கருவாடு தரம்பிரிக்கும் அக்கா ஒருவர் அங்கு வருவார். அவருடைய கணவர் 2009இல் வன்னியிற் காணாமற்போனவர். முதல் நாள் அவர் கேட்டது இதுதான்: “ரீச்சர், அழாமல் வாசிக்கிற மாதிரி ஏதும் இருந்தால் தாங்கோ.” அவருக்குப் புத்தகம் கொடுத்தவர்கள் எனக்கு முன்னரும் இருந்தார்கள். துயரத்தை ஆற்றுப்படுத்துவது எப்படி என்ற கைந்நூல், பொறுமையின் மேன்மை பற்றிய சிறு பிரசுரம், போர்க்காலக் கதைத்தொகுதி. அத்தனையும் அவருடைய துயரத்தை அவருக்கே திரும்பக் கொடுத்தவை.

‘சிரித்திரன்’ என் நினைவுக்கு வந்தது. சிவஞானசுந்தரம் என்னும் ‘சுந்தர்’ யாழ்ப்பாணத்திலிருந்து பல்லாண்டு நடத்திய நகைச்சுவைச் சஞ்சிகை அது. தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் அதன் பழைய இதழ்கள் கிடைக்கின்றன. கைத்தொலைபேசியில் எழுத்து சிறுத்துத் தெரிந்தமையால் சில பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தேன். சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் அவரைச் சிரிக்கவைத்தார்கள். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் வாடியிலிருந்து இன்னும் இரு பெண்களை அழைத்து வந்தார்.

நண்பர் ஒருவர், கொள்கைப்பிடிப்பு மிக்கவர், இதைக் கேட்டுக் குறைப்பட்டார். துன்பத்தின் காரணத்தை உணர்த்தும் நூலைக் கொடுக்காமல் மறதிக்கு மருந்து கொடுக்கலாமா என்பது அவர் கேள்வி. பொழுதுபோக்கு இலக்கியத்தின் நச்சுத்தன்மை பற்றி நாம் எழுதியிருப்பவை குறைவல்ல. அவற்றுட் பெரும்பகுதி உண்மையும் கூட. ஆனால் கணவரின் படத்தை ஏந்தி வீதியோரத்தில் நின்ற பெண்ணுக்குத் தன் துன்பத்தின் காரணம் தெரியாது என்று நினைப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர் பிறகு கனமான நூலொன்றைத் தாமே கேட்டு வாங்கினார் என்று எழுதினால் நண்பர் திருப்தியடைவார். அவர் கேட்கவில்லை. இப்பொழுதும் சிரிப்புத்தான் கேட்கிறார். கேட்கட்டும்.

எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த முதிய உம்மா ஒருவரின் தேவை இதற்கு முற்றிலும் வேறானது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கடல்வழியே கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. இந்த உம்மா திரும்பி வந்தவர். அவருக்குக் கண் மங்கல். பேத்திதான் வாசித்துக் காட்டவேண்டும். வெளியேற்றம் பற்றிய நூல்கள் வந்துள்ளன. கேட்டிருந்தால் அவற்றைத் தேடியிருப்பேன். அவர் கேட்டது ‘நூறு மசலா’. வினாவும் விடையுமாய் விடுகதைபோல விரியும் அந்நூலை அவருடைய தாயார் இரவு வேளைகளில் உரத்து வாசிப்பாராம். பெண்கள் சூழ்ந்திருந்து, விடையை முந்திச் சொல்லப் போட்டியிடுவார்களாம். “அந்தப் புத்தகம் அலுமாரிக்குள்ள கிடந்தது, மகள். பூட்டிட்டுத்தான் போனோம்,” என்றார். புத்தளத்து ஆசிரியர் ஒருவர் மூலம் ஒரு பழம்பிரதியின் படியெடுப்பு கிடைத்தது. பேத்தி புத்தளத்திற் பிறந்தவள். அவளுக்கு அந்த நடை புரியவில்லை. பாட்டி இடையிடையே விளக்குகிறார். பேத்திக்கு நான் தமிழ் கற்பித்த காலத்திலும் இவ்வளவு பழைய சொற்களை அவள் கற்றதில்லை. மனநிலைக்கேற்ற நூல் என்று சொல்கிறோமே, இந்த உம்மாவின் மனநிலைக்கு நாம் என்ன பெயர் வைப்போம்? துயரமா? நினைவா? எனக்கு அது தன் வீட்டைத் திரும்பப் பெறுகிற உரிமைக் கோரிக்கையாகவே தோன்றுகிறது.

நம் முற்போக்கு அணியினரிடம் ஒரு பழக்கம் உண்டு. சொல்லாமல் இருக்க முடியவில்லை. உழவனுக்கு உழவன் கதை, மீனவனுக்கு மீனவன் கதை என்று மருந்துச்சீட்டு எழுதிவிடுவது. கடல்சார்ந்த நல்ல நாவல்கள் தமிழிற் பல உள. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, இராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’, ஜோ டி குரூஸின் ‘ஆழிசூழ் உலகு’. எங்கள் மண்ணிலேயே எஸ். ஏ. உதயனின் ‘லோமியா’. இவை எங்கள் அலுமாரியில் முதல் தட்டில் இருக்கவேண்டியவை. ஆனால் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் இவற்றுள் ஒன்றை நீட்டியபோது அவன் கை நீட்டவில்லை. “கடலை நான் நாளும் பாக்கிறன், ரீச்சர். எஞ்சினைப் பத்தி ஏதும் இருக்கா?” என்றான்.

அவனைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். தந்தை சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிக் கடலுக்குப் போகிறவர். பிடித்த மீனைச் சம்மாட்டிக்கே அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்கவேண்டும், கடன் கழிவதில்லை. வாடை எழுந்தால் வடகடல் கொந்தளிக்கும், சோளகம் எழுந்தால் தென்கடல். இரண்டுக்கும் நடுவே அகப்படும் நாட்களை இந்திய இழுவைப் படகுகள் வலையோடு வாரிச் செல்கின்றன. மகன் சனி, ஞாயிறுகளில் வள்ளத்தில் ஏறுகிறான். மற்ற நாட்களிலும் ஏறினால் வெளியாள் ஒருவரின் கூலி மிச்சம். இத்தகைய வீட்டிற் பாடசாலைக்கு எதிராக நிற்பது பெற்றோரின் அறியாமையன்று. சம்மாட்டியின் கணக்குக் கொப்பி.

எஞ்சினைப் பற்றித் தமிழில் நூல் தேடினேன். வெளியிணைப்பு இயந்திரம் விற்கும் கடையொன்றிலிருந்து ஒரு கைந்நூல் கிடைத்தது, ஆங்கிலத்தில். படங்களைப் பார்த்துப் பகுதிகளின் பெயர்களை அவன் சொல்ல, நான் அகராதியைப் புரட்ட, இருவருமாக ஒரு தவணை முழுவதும் அதை வாசித்தோம். கட்டுரைக் கொப்பியில் நான்கு வரிக்கு மேல் எழுதாதவன், எரிபொருள் வடிகட்டியைக் கழுவும் முறையை ஒன்றரைப் பக்கம் எழுதினான். பிழைகள் இருந்தன. தெளிவும் இருந்தது.

அதன்பின், எதையும் எதிர்பார்க்காமல், ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ மொழிபெயர்ப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மெல்லிய புத்தகமாக இருந்ததால் எடுத்திருக்கவேண்டும். மூன்றாம் நாள் கோபத்தோடு வந்தான். 84 நாள் மீன் படாத கிழவன் அவ்வளவு தூரம் தனியே போனது மடத்தனம் என்றான். அவ்வளவு பெரிய மீனை வள்ளத்தின் பக்கத்திற் கட்டி இழுத்தால் இரத்த வாடைக்குச் சுறா வராமல் என்ன செய்யும் என்றான். அந்தப் பொடியனைக் கூட்டிக்கொண்டு போகாதது ஏன் என்று பல முறை கேட்டான். பொடியனுடைய பெற்றோர் அவனை வேறு படகுக்கு மாற்றிவிட்டார்களே என்று நான் நினைவூட்டினேன். “அது சரி. மீன் படாத ஆளோட யார் விடுவினம்,” என்று சொல்லிச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். நோபல் பரிசு பெற்ற ஆசிரியரை இவ்வளவு துணிவோடும் உரிமையோடும் விமரிசித்த ஒருவரைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்த ஆண்டுகளிற் கண்டதில்லை. கடலைப் பற்றிய நூலைக் கையிலெடுக்க மறுத்தவன் கடலைப் பற்றிய நூலோடுதான் மல்லுக்கு நின்றான்; ஆனால் அதற்கு அவன் ஓர் எஞ்சினின் வழியாக வந்து சேரவேண்டியிருந்தது. இந்த வழியை எந்த நூற்பட்டியலும் எனக்குச் சொல்லித் தந்திராது.

இப்பொழுது அவன் புதியதொரு கேள்வியோடு நிற்கிறான். தீவின் தென்கரையில், 2020ஆம் ஆண்டின் இறுதியில் திறந்துவைக்கப்பட்ட 30 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் ஒலியாலும் அதிர்வாலும் மீன் கரையை விட்டு விலகுகிறது என்று ஊரிற் பெரியவர்கள் சொல்லுகிறார்கள். அப்படியொன்றும் இல்லை என்று அதிகாரிகள் சொல்லுகிறார்கள். காற்றாலை எப்படி இயங்குகிறது, அது கடலை என்ன செய்கிறது என்ற இரண்டையும் சொல்லும் புத்தகம் ஒன்று, தமிழில், தனக்கு வேண்டும் என்கிறான். யாருடைய பேச்சை நம்புவது என்று அறிவதற்காகக் கேட்கிறானே தவிரப் பரீட்சைக்காக அல்ல. க. பொ. த. சாதாரணதரத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதுவரை அவனை வகுப்பில் விட்டுவைக்கும்படி தந்தையாரிடம் பேசியிருக்கிறேன். இந்தச் சோளகம் முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.

நூலுக்காகக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள நண்பர்களுக்கு எழுதினேன். ஒருவர் காற்றாலை நிறுவனங்களின் வண்ணப் பிரசுரம் ஒன்றை அனுப்பினார். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் மீன் இல்லையே என்று திருப்பித் தந்துவிட்டான். தமிழகத்து நண்பர் ஒருவருக்குச் சென்ற வாரம் எழுதியிருக்கிறேன்.